நிரந்தர நம்பிக்கையாளர்

அட்சயதாரா பேங்க் என்று ஒன்று இருந்தது. இப்போது இன்னொரு பேங்கோடு சேர்ந்து வேறு பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருக்கிறது. பலகையை மாற்றினால் புத்தி மாறிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்கிறேன். கடலூரில் அதற்கு ஒரு கிளை. கண்ணாடிக் கதவு, உள்ளே பல் கிட்டுகிற குளிர், சுவரில் ஒரு குடும்பம் மொத்தமும் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற படம். அவர்கள் எதற்காக அப்படிச் சிரித்தார்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. சிதம்பரத்துக்குக் கிளை தேவையில்லை என்று முடிவு செய்து, மேலவீதியில் ஒரு தகரப் பெட்டியை மட்டும் மாட்டிவிட்டுப் போனார்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கான காசோலையை உறையில் வைத்து அதில் போட வேண்டும். அது கடலூர் போய், அங்கிருந்து சென்னை போய், அங்கே யாரோ ஒரு புண்ணியவான் மனசு வைத்தால் கணக்கில் ஏறும். அதற்குள் கெடு தாண்டியிருக்கும். கெடு தாண்டினால் அபராதம். பெட்டியை மாட்டியதே அதற்காகத்தான் என்பது என் கட்சி.

நான் மேலவீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். என் கடையை ஒட்டி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே ரத்தம் எடுப்பவன் சின்னையன். காடாம்புலியூர்க்காரன். முந்திரிக் கொல்லையை நாலு அண்ணன் தம்பிகள் பங்கு போட்டதில் இவனுக்கு வந்தது கைக்கும் வாய்க்கும் காணாது. அதனால் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தான். சம்பளம் ஏழாயிரத்து இருநூறு. ஊசி குத்தினால் குழந்தை அழாது, அவ்வளவு பக்குவமான கை. மற்றபடி யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற ஆள்.

2005-இல் அந்த பேங்கிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவன் பரிசோதனை நிலையத்துக்கு வந்து, கிரெடிட் கார்டு ஆயுசுக்கும் இலவசம் என்று சொல்லி, பதினேழு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். ஒரு மாதத்தில் கோல்டு கார்டு வந்தது. முப்பதாயிரம் வரை தேய்க்கலாம். சின்னையன் அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துபோனான். மறுவருஷம் அவன் பெண்சாதி லோகநாயகிக்குப் பிரசவம் சிக்கலாகி, கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். இருபத்தேழாயிரம் பில். சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது வெளியே வந்தது. கோல்டு கார்டு நிறைந்த கையோடு, உங்கள் நாணயத்தைப் பாராட்டுகிறோம் என்று எழுதி, இருபதாயிரத்துக்கு ஒரு சில்வர் கார்டை அனுப்பினார்கள். நிறைந்த குடத்தைப் பார்த்து இன்னொரு குடம் கொடுக்கிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதில் ஒரு கிரைண்டர், குழந்தைக்கு டைபாய்டு வந்த செலவு, ரெண்டு மாத மளிகை. எல்லாம் சேர்த்து அவன் வாங்கியது நாற்பத்தோராயிரம் ரூபாய், அதற்கு மேல் ஒரு காசு இல்லை.

மாதாமாதம் பேங்க் கேட்கிற குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே இருந்தான். 2008 சித்திரையில் கணக்குப் பார்த்தால் ரெண்டு கார்டிலுமாக நாற்பத்தெட்டாயிரத்து ஐம்பது பாக்கி நின்றது. வீட்டில் விற்கத் தோதான பொருள் ஒன்றே ஒன்றுதான், லோகநாயகி கழுத்தில் தாலியோடு கிடந்த அஞ்சு பவுன் செயின். அவள் அப்பா ஒரு வருஷ முந்திரி மகசூலை அப்படியே பொன்னாக்கிப் போட்டு அனுப்பியது. அவர் இப்போது இல்லை. சின்னையன் என் கடைக்கு வந்து நின்று சொன்னான்:

"அண்ணே, வயித்தக் கட்டியாவது இந்தக் கார்ட அடைச்சிடுறேன். ஆனா அந்தச் செயின்ல மட்டும் கை வைக்க மாட்டேன். அவ அப்பன் மொகத்துல முழிச்சாப்ல இருக்குது அது."

சொன்னபடி வயிற்றைக் கட்டினான். அரை லிட்டர் பால் கால் லிட்டர் ஆனது. சாயங்கால டீ நின்றது. டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணாமலை நகரிலிருந்து சைக்கிள் மிதித்தான். தீபாவளிக்குக் குழந்தைக்கு மட்டும் கவுன். மாமியார் வீட்டிலிருந்து பலாப்பழம் வந்தால் அதில் பாதியை வெட்டி விற்று இருநூறு ரூபாய் சேர்த்தாள் லோகநாயகி. மாதம் ரெண்டாயிரத்து நானூறு தவறாமல் போயிற்று. தகரப் பெட்டியை நம்பாமல் கடலூருக்கே பஸ் ஏறிப் போய்க் கட்டினான். ரொக்கமாகக் கட்டினால் கார்டுக்கு நூறு ரூபாய் கட்டணம் என்று அவர்கள் வைத்திருந்தது அவனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. தங்களுக்குப் பணம் கட்ட வருகிறவனிடம் பணம் கட்டியதற்குப் பணம் வாங்குகிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? அது போக, நீ செத்துப்போனால் கடன் வீணாகிவிடக் கூடாதே என்று மாதம் நானூறு ரூபாய் இன்சூரன்ஸ். அவன் கேட்கவில்லை. பதினேழு கையெழுத்தில் ஒன்று அதற்கானதாம்.

பத்து மாதம் கழித்துப் பார்த்தோம். இருபத்து நாலாயிரம் கட்டியிருந்தான். பாக்கி குறைந்தது அறுநூற்றுப் பதினான்கு ரூபாய்.

வாடிக்கையாளர் சேவைக்கு என் கடை போனிலிருந்து பேசினான். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினான். இருபது நிமிஷம் வீணை வாசித்தார்கள். அப்புறம் ஒரு பெண் வந்து இந்தியில் நலம் விசாரித்தாள். இவன் தமிழில் கஷ்டத்தைச் சொன்னான். அவள் இந்தியில் நன்றி சொன்னாள். மறுநாள், உங்கள் குறை தீர்க்கப்பட்டது என்று செல்போனில் செய்தி வந்தது.

இந்த இடத்தில்தான் சபாபதி புகுந்தான். பரிசோதனை நிலையத்தில் சீட்டு எழுதுகிறவன். சன்னதித் தெரு ஆள், பஞ்சாங்கம் விரல் நுனியில். கடன் அடைக்க மைத்ர முகூர்த்தம் என்று ஒன்று உண்டு, செவ்வாய்க்கிழமையும் அசுவினியும் மேஷ லக்னமும் கூடுகிற வேளையில் அசலில் ஒரு பங்கை, அது எத்தனை சிறிதானாலும், கொடுத்துவிட்டால் மீதிக் கடன் வெயில் பட்ட பனியாகக் கரைந்துபோகும் என்றான். எங்கள் பக்கத்தில் இது தெரியாத கடன்காரன் கிடையாது. இதை நம்பி அடைத்தவர்களும் உண்டு, நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த மாசியில் அப்படி ஒரு செவ்வாய் வாய்த்தது. காலை ஒன்பதே காலிலிருந்து பதினொன்று வரை.

பேங்கின் கெடு அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை.

சின்னையன் ரெண்டு நாள் யோசித்தான். நல்ல நேரம் காத்திருக்க, முந்தின நாளே போய்க் கட்டிவிட்டு வருவது கையில் வந்ததைக் காலால் உதைப்பது மாதிரி என்று அவனுக்குப் பட்டது. ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? எனக்கே அப்படித்தான் தோன்றியது. போனஸ் காசையும் போட்டு நாலாயிரம் புரட்டிக்கொண்டு, குளித்து, திருநீறு இட்டு, முதல் பஸ்ஸில் கடலூர் போய், பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாகக் கட்டினான். சலானில் அசலுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் 'அசல்' என்று பேனாவால் எழுதினான். கவுன்டரில் இருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பணத்தை எடுத்துக்கொள்வதற்கு பேங்கில் ஒரு வரிசை உண்டு என்று பொறுமையாக விளக்கினார். முதலில் அபராதம், பிறகு வரி, பிறகு வட்டி, பிறகு இன்சூரன்ஸ், ரொக்கக் கட்டணம், இவ்வளவும் போய் ஏதாவது மிஞ்சினால் அசல். பெரும்பாலும் மிஞ்சாது என்றும் சொன்னார். கோயிலில் பிரசாதம் தருகிற முகத்தோடுதான் சொன்னாராம்.

அடுத்த மாத அறிக்கை ஒன்பது பக்கம் வந்தது. ஒரு நாள் தாமதத்துக்கு ரெண்டு கார்டுக்கும் அபராதம். அபராதம் ஏறியதால் ரெண்டு கார்டும் வரம்பைத் தாண்டிவிட்டன, ஆகவே வரம்பு தாண்டிய அபராதம். தாண்ட வைத்தது யார் என்று அந்த ஒன்பது பக்கத்தில் எங்கும் இல்லை. அபராதங்களுக்கு வரி. நாலாயிரமும் வரிசைப்படி போய், அசல் என்ற கட்டத்தில் ஒரு சைபர் நின்றது. பாக்கி எவ்வளவு என்கிறீர்கள்? நாற்பத்தெட்டாயிரத்து நூற்று இருபத்தாறு. பட்டினி கிடக்கத் தொடங்கிய அன்றைக்கு இருந்ததைவிட எழுபத்தாறு ரூபாய் கூடுதல். அவன் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். சபாபதி வந்து படித்துப் பார்த்தான். முகூர்த்தம் தப்பாது, அந்த பேங்க் வேறு பஞ்சாங்கம் வைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆனி மாதத்தில் ஒரு தடித்த உறை வந்தது. ஜப்தி நோட்டீஸ் என்று நினைத்து லோகநாயகி அழவே ஆரம்பித்துவிட்டாள். பிரித்தால் அழைப்பிதழ். கடலூரில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் விழா. சின்னையனை 'நிரந்தர நம்பிக்கையாளர்' என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். குடும்பத்தோடு வரவேண்டும்.

கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நானும் போனேன். அந்தக் கண்கொள்ளாக் காட்சியை விடுவதாவது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பன்னீர் தெளித்தார்கள். மேடையில் பேங்கின் மண்டல அதிகாரி சூர்யநாராயணன், கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். எதிரே முப்பது குடும்பம் உட்கார்ந்திருந்தது. எல்லாருமே சின்னையன்கள்தான், பார்த்தாலே தெரிந்தது. ஒருவர் சட்டையிலும் காலர் முழுசாக இல்லை. சூர்யநாராயணன் கண் கலங்கப் பேசினார்.

"மாசா மாசம் முழுசா கட்டிடுற கஸ்டமர் சில பேர் இருக்காங்க. அவங்களால எங்களுக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. கட்டாமலே ஓடிப்போறவங்க இருக்காங்க, அது சுத்த நஷ்டம். நீங்க ரெண்டு ஜாதியும் இல்ல. நீங்க கட்டிக்கிட்டே இருக்கீங்க, ஆனா கட்டி முடிக்க மாட்டேங்குறீங்க. இந்தப் பெரிய மனசு யாருக்கு சார் வரும்? நம்ம சின்னையன் சாரையே எடுத்துக்குங்க. வாங்குனது நாப்பத்தோராயிரம். மூணு வருஷத்துல கட்டுனது எழுபத்தொம்பதாயிரம். இன்னமும் நாப்பத்தெட்டாயிரம் அப்படியே வச்சிருக்காரு. இவரு ஏழாயிரம் சம்பளக்காரரு. இவரால எங்க கிளையில ஒரு ஏ.சி. ஓடுது. எல்லாரும் நல்லா கை தட்டுங்க."

தட்டினார்கள். சின்னையனும் தட்டினான். கண்ணாடிக் கேடயம் ஒன்றும், வரம்பை இருபத்தையாயிரம் உயர்த்திய கடிதம் ஒன்றும் கொடுத்தார்கள். லோகநாயகி மட்டும் கை தட்டவில்லை. பத்தாவது படித்தவள், விரல் விட்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பரங்கிப்பேட்டை முனை தாண்டியதும் அவள் வாயைத் திறந்தாள்.

"செயின வித்துப்புடலாம் மாமா."

அவன் முடியாது என்றான். தலைகீழாக நின்றாலும் முடியாது என்றான். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இவுங்க வாய்லயே சொல்லிட்டாங்க. நாம சாவுற வரைக்கும் கட்டுவோம்னுதான் கேடயமே குடுத்திருக்காங்க. எங்கப்பா போட்டது கழுத்துல கெடந்து என்னா செய்யப் போவுது, புள்ளைக்குக் கால் லிட்டர் பாலு ஊத்திக்கிட்டு?"

அதற்கும் அவன் மசியவில்லை. அடுத்த அறிக்கை வந்ததும்தான் மசிந்தான். அதில் 'பாராட்டு விழாப் பங்கேற்புக் கட்டணம்' முந்நூற்று ஐம்பது ரூபாய், கேடயத்துக்கு இருநூற்று எழுபது என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அவன் சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று, ஆனால் கேட்க நன்றாக இல்லை.

ஆவணியில் கீழவீதியில் விற்றார்கள். சேதாரம் போக ஐம்பத்திரண்டாயிரத்து அறுநூறு கிடைத்தது. லோகநாயகி தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். நகைக்கடைக்காரர் செயினைத் தராசில் போட்டபோது சின்னையன் படியிறங்கித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டான்.

மறுநாள் மூவரும் கடலூர் போனோம். கார்டு பிரிவு அதிகாரி சிவகுரு. முப்பது வயசு, நெற்றியில் சந்தனம், நல்ல மரியாதை. மொத்தத்தையும் கட்டிக் கணக்கை முடிக்க வேண்டும் என்று சின்னையன் சொன்னதும், துக்கச் செய்தி கேட்டவர் போல அவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் வரவழைத்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். செயினை விற்றதைக் கேட்டதும் நிஜமாகவே வருத்தப்பட்டார். தங்களிடம் அடகு வைத்திருந்தால் அந்தப் பணத்தைக் கார்டுக்குக் கட்டி, நகைக்கடன் தவணையை அதே கார்டில் தேய்த்துக் கட்டியிருக்கலாம், யாருக்கும் கஷ்டம் இருந்திருக்காது என்றார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மனசு விட்டுப் பேசினார்.

"சார், நீங்க ரத்தம் எடுக்குறவரு. உங்களுக்குத் தெரியாததா? ஒரே நேரத்துல மொத்தமும் எடுத்தா ஆளு போயிடுவான். கொஞ்சமா எடுக்கணும், ஆளு எழுந்து நடக்கணும், மறுபடி ஊறணும், மறுபடி வரணும். நாங்களும் அதத்தான் பண்றோம். உங்கள இத்தன வருஷம் எவ்ளோ பக்குவமா வச்சிருந்தோம்?"

சின்னையன் தலையாட்டிவிடுவானோ என்று எனக்குப் பகீரென்றது. பழக்க தோஷம், பாதி ஆட்டியும் விட்டான். லோகநாயகி பணக்கட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய், அன்றைய தேதிக்கு அவர்கள் சொன்ன கணக்கு, ரொக்கக் கட்டணம் உள்பட.

அப்புறம் படிவம். அதன் தலைப்பு 'உறவு முறிவு விண்ணப்பம்'. காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: மரணம், வெளிநாடு செல்லுதல், தலைமறைவு. கடனைக் கட்டி முடித்துவிட்டோம் என்பதற்குக் கட்டம் இல்லை. இதுவரை தேவைப்படவில்லை என்றார் சிவகுரு. மரணம் என்று டிக் அடித்தால் மூன்று நாளில் வேலை முடிந்துவிடும், மற்றது எல்லாம் சென்னையில் மாட்டிக்கொள்ளும் என்று நல்ல எண்ணத்தோடு யோசனை சொன்னார். சின்னையன் பேனாவைக் கட்டத்தின் மேல் கொண்டு போனான். லோகநாயகி அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, மூன்று கட்டத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே 'எல்லாம் கட்டியாச்சு' என்று எழுதினாள்.

ரெண்டு மணி நேரம் சென்னையோடு பேசினார் சிவகுரு. கடைசியில் சம்மதம் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து ரெண்டு கார்டையும் குறுக்கே வெட்டினார். முகத்தில் இருந்த மரியாதையும் அதோடு போயிற்று. சட்டப்படி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியது தன் கடமை என்று ஆரம்பித்தார்.

"உங்க பேரு இனிமே எங்க லிஸ்ட்ல 'பிரயோஜனம் இல்லாதவர்'னு ஏறிடும் சார். இந்த பேங்க்ல ஆயுசுக்கும் உங்களுக்குக் கார்டு, கடன் எதுவும் கிடைக்காது. ஒரு போன்கூட வராது. பேர நீங்களே கெடுத்துக்கிட்டீங்க."

சின்னையன் முகம் சுருங்கிவிட்டது. கெட்ட பெயர் என்று யார் சொன்னாலும் பயப்படுகிற குடும்பத்தில் பிறந்தவன். மன்னிப்புக் கேட்கிறவன் போல எழுந்திருக்கப் பார்த்தான். லோகநாயகி அவன் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மற்றொரு கை, செயின் இருந்த இடத்தில் மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அத எழுதி வாங்கு மாமா," என்றாள். "அஞ்சு பவுனு போட்டு வாங்குன கெட்ட பேரு."

எழுத்து மூலம் தருவதற்கு நூறு ரூபாய், சேவை வரி பத்து ரூபாய் முப்பது காசு என்றார் சிவகுரு. அவள் மறுபேச்சுப் பேசாமல் நூற்றுப் பதினொரு ரூபாயை எண்ணி வைத்தாள். காகிதம் முத்திரையோடு வந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். மீதி எழுபது காசு எங்கே என்று கேட்டாள். சில்லறை இல்லை என்றார் சிவகுரு. கவுன்டர் கவுன்டராகத் தேடி, பியூனை வெளியே வெற்றிலைக் கடைக்கு அனுப்பி, அந்த எழுபது காசு அவள் உள்ளங்கைக்கு வந்து சேரும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.